பின்னமான பொம்மையை வீசிவிடாதீர்கள்!

நவராத்திரிக்கு முன் இல்லத்தரசிகளுக்கு ஒரு பாடம்

பரண்மேல் இருக்கும் கொலுபொம்மைப் பெட்டியை ஆவணி பிறந்ததுமே இறக்கிவிடுங்கள். மகாளய அமாவாசையன்று படி கட்டும்போது இறக்கினால், விரல் ஒடிந்த கண்ணனையும் வண்ணம் உதிர்ந்த தசாவதாரத்தையும் பார்த்துப் பதறத்தான் நேரம் இருக்கும். சரிசெய்ய நேரம் இருக்காது. அப்புறம் என்ன நடக்கிறது? 'பின்னமானதைக் கொலுவில் வைக்கக்கூடாதாமே...' என்று யாராவது ஒருவர் சொல்வார். அவ்வளவுதான், பாட்டி காலத்துப் பொம்மை கோயில் அரசமரத்தடிக்குப் போய்விடும். மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் இருந்து பளபளவென்று ஒரு புதுப்பொம்மை வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

புதுப்பொம்மை வரட்டும். வருஷத்துக்கு ஒன்றாவது புதிதாகச் சேர்ப்பது நம் சம்பிரதாயம்தான். ஆனால், பழையதை அனுப்பிவிட்டுத்தான் புதியதை வரவேற்க வேண்டும் என்று பெரியவர்கள் யாரும் சொல்லிவைக்கவில்லையே!

ஒடிந்ததை வைக்கலாமா?

முதலில் இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். அம்பத்தூர், ஆவடிப் பக்கம் இருக்கும் சகோதரிகள் இதற்காக வெகுதூரம் போக வேண்டாம். திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலுக்கு ஒருமுறை போய்விட்டு வாருங்கள். தொண்டைமான் மன்னனின் யானை முல்லைக்கொடிகளில் சிக்கிக்கொள்ள, அவன் வாளால் கொடிகளை வெட்டினான். உள்ளே இருந்த லிங்கத் திருமேனியில் வாள் பட்டு ரத்தம் பெருகியது என்கிறது தலவரலாறு. வெட்டுப்பட்ட அந்தத் திருமேனியைத்தான் இன்றைக்கும் சந்தனக்காப்புடன் தரிசிக்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரையில் மட்டும் அந்தக் காப்பைக் களைந்து புதிதாகச் சாத்துவார்கள். காயம் பட்டுவிட்டது என்று சுவாமியை யாரும் ஒதுக்கிவிடவில்லை. சந்தனம் சாத்திக் குளிரவைத்தார்கள்!

கருவறையில் பிரதிஷ்டை செய்த விக்கிரகம் பின்னமானால் என்ன செய்வது என்பதற்கு ஆகமங்களில் தனி விதிகள் உண்டு. அது அர்ச்சகர்களும் ஸ்தபதிகளும் பார்க்கவேண்டிய விஷயம். கொலுவில் நாம் அம்பிகையை ஆவாகனம் செய்வது கலசத்தில்தான். படியில் இருக்கும் செட்டியார் பொம்மைக்கும் பேண்டு வாத்தியக் கோஷ்டிக்கும் பிராணப் பிரதிஷ்டை எதுவும் கிடையாது. ஆகவே, அவற்றைப் பழுதுபார்த்து வைப்பதில் தோஷம் ஏதுமில்லை. கோபுரத்தில் இருக்கும் சுதைச் சிற்பங்களையே கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் பழுதுபார்த்து வண்ணம் தீட்டுகிறோமே! ஒன்று மட்டும் கவனியுங்கள். உங்கள் வீட்டில் ஏதேனும் ஒரு பொம்மையை விக்கிரகமாகவே வைத்து நித்திய பூஜை செய்து வந்தால், அதை மட்டும் உங்கள் குடும்ப வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டு தொடுங்கள்.

எதனால் செய்தது?

பழுதுபார்ப்பதற்கு முன் பொம்மை எதனால் ஆனது என்று தெரிந்தாக வேண்டும். இதற்கும் நம் பக்கத்திலேயே ஒரு திருத்தலம் வழிகாட்டுகிறது. பூந்தமல்லியை அடுத்த மாங்காட்டில் காமாட்சி அம்மன் சந்நிதியில் இருக்கும் அர்த்தமேரு ஸ்ரீசக்கரம், அஷ்டகந்தம் எனப்படும் எட்டுவித மூலிகைப் பொருள்களால் ஆனது. அதனால் அதற்கு அபிஷேகம் கிடையாது, குங்கும அர்ச்சனை மட்டுமே. பொருள் எதுவோ, அதற்கேற்ற உபசாரம். கொலுபொம்மைக்கும் இதே கணக்குதான். எதனால் ஆனது என்று தெரியாமல் ஈரத்துணியை எடுத்தீர்களானால் பாட்டியின் பொம்மை பத்தே நிமிஷத்தில் கூழாகிவிடும்.

அம்பத்தூர், ஆவடி வீடுகளில் ஒரே பெட்டிக்குள் பல ஊர்ப் பொம்மைகள் கலந்திருப்பது சகஜம். 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. வேலைக்காகத் தஞ்சாவூர், காஞ்சிபுரம், மதுரை என்று எங்கெங்கிருந்தோ குடும்பங்கள் குடியேறின. அம்மா வீட்டுச் சீராக வந்தது ஒன்று, மாமியார் கொடுத்தது ஒன்று, குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு மாமி மாற்றலாகிப் போகும்போது கொடுத்தது ஒன்று என்று சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள்.

அளவுக்குப் பொருந்தாமல் லேசாக இருந்து, விரலால் தட்டினால் அட்டைப்பெட்டி போல 'டப்' என்று ஒலித்தால் அது காகிதக்கூழ் பொம்மை. பண்ருட்டியும் காஞ்சிபுரமும் இதற்குப் பேர்பெற்ற ஊர்கள். ஊறவைத்த காகிதத்தை இடித்து, பசையும் சுண்ணாம்பு மாவும் கலந்து, முன்பாதி பின்பாதி என்று இரண்டு அச்சுகளில் அழுத்தி எடுத்து ஒட்டுவார்கள். பொம்மையின் விலாப்பக்கத்தில் தலை முதல் பாதம் வரை ஒரு மெல்லிய இணைப்புக்கோடு இருக்கும், தடவிப் பாருங்கள். அடிப்பக்கம் துளை இருந்தால் டார்ச் அடித்து உள்ளே பார்க்கத் தவறாதீர்கள். சில பொம்மைகளில் உள்சுவரில் ஒட்டிய காகிதத்தின் அச்செழுத்து அப்படியே தெரியும். அதில் ஒரு விளம்பரமோ விலையோ கண்ணில் பட்டால் பொம்மையின் வயது ஓரளவு பிடிபட்டுவிடும்!

கனமாக இருந்து, தட்டினால் 'ணங்' என்று கேட்டு, உடைந்த இடம் செம்மண் நிறமாக இருந்தால் சுட்ட களிமண். மதுரை விளாச்சேரி, சென்னையிலேயே கொசப்பேட்டை ஆகிய இடங்களில் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். உடைந்த இடம் சுண்ணாம்பு போல வெள்ளையாக இருந்து, நகத்தால் கீறினால் பொடி உதிர்ந்தால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். பெரும்பாலும் இது வயதில் இளையது.

விஜயவாடா அருகே உள்ள கொண்டபல்லியின் பொம்மைகள் மிக லேசான பொனிகி மரத்தில் ஆனவை. கை, கால், தலைப்பாகை எல்லாம் தனித்தனியே செதுக்கி, மரத்தூளும் புளியங்கொட்டைப் பசையும் கலந்த கலவையால் ஒட்டி உருட்டியிருப்பார்கள். இந்தக் கலவைக்கு அங்கே 'மக்கு' என்று பெயர். நம்மூர்த் தச்சர்களும் விரிசல் அடைக்கும் பூச்சை 'மக்கு' என்றுதான் சொல்கிறார்கள், கவனித்திருக்கிறீர்களா?

மேல்நாட்டிலும் இதே கைப்பக்குவம் இருந்தது. மரத்தூளையும் பசையையும் பிசைந்து அச்சில் அழுத்திய 'காம்போசிஷன்' பொம்மைகள் 1940-கள் வரை அமெரிக்கக் குழந்தைகளின் கையில் இருந்தன. 1934-ல் வந்த ஷெர்லி டெம்பிள் பொம்மை அந்த வகைதான். இன்றைக்கு அவற்றைச் சேகரிப்பவர்களின் பெரிய கவலை முகத்தில் வலைபோல ஓடும் விரிசல். காற்றின் ஈரம் ஏறி இறங்கும்போதெல்லாம் உள்ளே இருக்கும் மரத்தூள் உடம்பு உப்பிச் சுருங்குகிறது. மேலே இருக்கும் வண்ணப்பூச்சு கூடவே நெளிந்துகொடுக்காமல் வெடித்துவிடுகிறது. நம் காகிதக்கூழ் பொம்மைக்கு வரும் வியாதியும் இதேதான்!

மரப்பாச்சி பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செம்மரத்தில் செதுக்கிய ஜோடி, கல்யாணச் சீரில் வந்திருக்கும். அதற்குத் தயவுசெய்து பெயின்ட் அடிக்காதீர்கள். உலர்ந்த மென்துணியால் துடைத்து, பட்டுத்துணி உடுத்தினால் போதும். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குக் கொடுத்தனுப்ப நினைப்பவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். செம்மரப் பொருள்களை நாட்டைவிட்டு எடுத்துச்செல்லக் கட்டுப்பாடுகள் உண்டு. தவிர, நூறு ஆண்டுகளைக் கடந்த கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் அனுமதிப்பதில்லை.

மிச்சம் ஒன்று இருக்கிறது. ஊதினால் பறந்துவிடும் போல மெல்லிசாக, பளபளப்பாக, ரோஜா கன்னத்துடன் ஒரு குழந்தைப் பொம்மை. கட்டைவிரலால் சூடேறும் அளவுக்குத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை வருகிறதா? உடனே கைகூப்பிவிட வேண்டாம்! அது செலுலாய்டு. அதைச் செய்யும்போதே கற்பூரம் சேர்ப்பார்கள். கற்பூரம் போலவே குப்பென்று தீப்பிடிக்கும். சூடான ஊசி வைத்துச் சோதிப்பதெல்லாம் வேண்டவே வேண்டாம். விளக்குக்கும் ஆரத்தித் தட்டுக்கும் எட்டாத மேல்படியில் வையுங்கள்.

வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

வெளிநாட்டுப் பீங்கான் பொம்மையானால் அடிப்பக்க முத்திரையைப் பாருங்கள். 'மேட் இன் ஆக்குபைடு ஜப்பான்' என்று இருந்தால், இரண்டாம் உலகப்போர் முடிந்து ஜப்பான் நேசநாடுகளின் பிடியில் இருந்த காலத்தது, அதாவது 1952-க்கு முந்தையது. நம்மூர்ப் பொம்மைகளில் முத்திரை கிடையாது. முகச்சாயல்தான் சாட்சி. தாமரையில் நிற்கும் லக்ஷ்மியோ வீணை சரஸ்வதியோ ரவிவர்மா படத்தில் இருப்பது போன்ற முகத்துடனும் புடவைக்கட்டுடனும் இருந்தால், அது அவருடைய அச்சுக்கூடம் 1894-ல் தொடங்கி, அந்தப் படங்கள் வீட்டுக்கு வீடு போய்ச்சேர்ந்த பிறகு செய்ததாகத்தான் இருக்கும். நகைகளின் தங்க நிறமும் சொல்லும். அசல் தங்க ரேக்கு எத்தனை வருஷமானாலும் மின்னும். பித்தளைப்பொடி கலந்த பெயின்ட் கறுத்தோ பச்சை பூத்தோ போய்விடும்.

பழைய பொருள் கடையில் வாங்கிச் சேர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேயிலைத் தண்ணீர் தெளித்து, புகை காட்டிப் புதுப்பொம்மையைக் கிழவியாக்கி விற்பது உண்டு. நிஜமான பழமை ஒரே சீராக இருக்காது. கை பிடித்துத் தூக்கும் இடுப்பிலும், படியில் உரசும் அடிப்பாகத்திலும், மூக்கு நுனியிலும்தான் தேய்ந்திருக்கும். மடிப்புகளுக்குள் நிறம் பத்திரமாக இருக்கும். உடம்பு முழுவதும் சமமாக அழுக்காக இருந்தால் விலையைக் கேட்காமலே நகர்ந்துவிடுங்கள்.

கை வைப்பதற்கு முன்...

மென்மையான வண்ணத் தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். மேலிருந்து கீழாக, ஒரே திசையில். அடுத்து, காது குடையும் பஞ்சுக்குச்சியை லேசாக ஈரமாக்கி, பீடத்தின் அடியில், யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஒட்டினால் அது பசைவண்ணம். இனி அந்தப் பொம்மைக்குத் தண்ணீரே ஆகாது. நிறம் ஒட்டாவிட்டால், நன்றாகப் பிழிந்த பஞ்சால் சிறிது சிறிதாகத் துடைக்கலாம். அருங்காட்சியகங்களில் இந்த வேலைக்கு எச்சில் தொட்ட பஞ்சையே உபயோகிக்கிறார்கள். அது நன்றாக அழுக்கெடுக்கும் என்பது வாஸ்தவம். ஆனால், சுவாமி பொம்மையில் நமக்கு மனசு வருமா? சுத்தமான தண்ணீரே போதும்.

பொம்மையைச் சுற்றி மாவு போலப் பொடி கொட்டியிருந்தால் உள்ளே உளு இருக்கிறது. அதை மட்டும் தனிப்பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். இல்லையேல் மற்றவற்றுக்கும் பரவும். பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். குழந்தைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இந்த வேலை வேண்டாம்.

ஒடிந்ததைச் சேர்ப்பது

எந்தப் பொம்மைக்கு எது உடம்போ, அதே பொருளால் அடைப்பதுதான் முறை. காகிதக்கூழ் பொம்மையின் ஓட்டையை எம்-சீல் வைத்து அடைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அது கல்லாக இறுகிவிடும். சுற்றியிருக்கும் கூழ் ஈரத்தில் உப்பிச் சுருங்கும்போது, இறுகிய துண்டைச் சுற்றிப் புதிய விரிசல் ஓடும். திரும்ப எடுக்கவும் முடியாது. நாம் இன்று செய்ததை நாளைக்கு ஒரு கைதேர்ந்த கலைஞர் கழற்றி மேலும் நன்றாகச் செய்ய வழி இருக்க வேண்டும். அருங்காட்சியகங்களில் பழுதுபார்ப்பவர்கள் இந்த விதியை விட்டுக்கொடுப்பதேயில்லை.

செய்முறை இதோ. செய்தித்தாளைக் கிழித்து இரவு முழுவதும் ஊறவைத்து, பழைய மிக்ஸியில் அரைத்து, துணியில் பிழியுங்கள். புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சினால் அருமையான பசை கிடைக்கும். நேரமில்லாதவர்கள் மைதாப்பசை காய்ச்சலாம். புத்தகம் பைண்டு செய்பவர்கள் பூச்சி வராமல் இருக்கப் பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்ப்பார்கள். நீங்களும் சேர்க்கலாம். ஆனால், அது விஷம். சமையல் பாத்திரத்தில் காய்ச்சாதீர்கள். இரண்டு பங்கு கூழுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு சாக்பீஸ் பொடி, தேவையான பசை சேர்த்துச் சப்பாத்தி மாவுப் பதத்தில் பிசைந்துகொள்ளுங்கள்.

விரிசலை ஒரேயடியாக அடைக்காமல், மெல்லிய பூச்சாகப் பூசி, நிழலில் காயவைத்து, அதன்மேல் அடுத்த பூச்சு. வெயிலில் வைத்தால் மேல்பக்கம் மட்டும் முந்திக் காய்ந்து பிளந்துகொள்ளும். ஆவணி மாதத்தில் ஒவ்வொரு பூச்சுக்கும் இரண்டு மூன்று நாள் பிடிக்கும். பெட்டியை முன்கூட்டியே இறக்கச் சொன்னது இதனால்தான். விரல் ஒடிந்திருந்தால் ஈர்க்குச்சித் துண்டையும், கழுத்து ஒடிந்திருந்தால் மூங்கில் குச்சியையும் எலும்பு போல உள்ளே நிறுத்தி ஃபெவிகால் வைத்து ஒட்டுங்கள். கொண்டபல்லிப் பொம்மைக்குக் காகிதத்துக்குப் பதில் சலித்த மரத்தூள். சுட்ட களிமண் பொம்மையின் உடைந்த துண்டுகள் கைவசம் இருந்தால் ஃபெவிகாலே போதும். ஒட்டிய பின் ஓர் இரவு அரிசிப் பானைக்குள் சாய்வாகப் புதைத்து நிறுத்தினால் அசையாமல் காயும்.

முகத்தைத் தொடாதீர்கள்

அடைத்த இடம் காய்ந்ததும் புதிதாகப் பூசிய கூழை மட்டும் உப்புத்தாளால் சமன்செய்து, சாக்பீஸ் பொடியும் பசையும் கலந்த வெள்ளை இரண்டு கோட் அடித்து, போஸ்டர் கலரில் நிறம் சேருங்கள். அடைத்த இடத்தில் மட்டும்! 'எடுத்ததுதான் எடுத்தோம், முழுசாக ஒரு கோட் இனாமல் அடித்துவிடலாம்' என்ற ஆசை எல்லோருக்கும் வரும். பழைய பொம்மைகள் பெரும்பாலும் உடைவதால் அழிவதில்லை, இந்த ஆசையால்தான் அழிகின்றன. ஒரு கோட் இனாமலுக்கு அடியில் பழைய கலைஞரின் கைரேகை போன்ற புருவக்கோடும், புடவைக்கரைப் பூவேலையும் போயே போய்விடும். பிறகு அது பழைய பொம்மையும் அல்ல, நல்ல புதுப்பொம்மையும் அல்ல.

கண்ணைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சிலைக்குக் கண் திறப்பது கடைசியில்தான், அதற்கென்று நாள் பார்த்துச் செய்வார்கள். பொம்மைக் கலைஞர்களும் எல்லா வண்ணமும் முடிந்த பிறகே கண் எழுதுவார்கள். கண் பாதி அழிந்திருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். முழுதும் அழிந்துவிட்டதானால் நீங்கள் எழுத வேண்டாம். கொசப்பேட்டையிலோ காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவிலோ கண் எழுதிப் பழகிய ஒருவரிடம் கொண்டுபோங்கள். முழு பொம்மைக்கும் வண்ணம் அடித்துத் தருவதாக அவர் சொன்னாலும், கண் மட்டும் போதும் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

எதுவுமே செய்ய முடியாத அளவுக்கு நொறுங்கிவிட்டால்? வண்ணம் பூசிய பொம்மையை அம்பத்தூர் ஏரியிலோ கொரட்டூர் ஏரியிலோ கரைப்பது புண்ணியமாகாது. நீர்நிலையில் விஷவண்ணம் பூசிய சிலைகளைக் கரைக்கக்கூடாது என்று மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2010-லேயே நெறிமுறை வகுத்து, 2020-ல் திருத்தியும் வெளியிட்டிருக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் முகத்தையோ கையையோ எடுத்து வைத்துக்கொண்டால், அதே வகைப் பொம்மையைப் பழுதுபார்க்கும்போது நிறத்துக்கும் அளவுக்கும் மாதிரியாக உதவும்.

பெட்டிக்குத் திரும்பும்போது

நம் பகுதியில் பொம்மைகளுக்குப் பெரிய சத்ரு மழைதான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எத்தனை வீடுகளில் கட்டிலுக்கடியில் இருந்த பெட்டிகள் நனைந்தன! அப்படி நனைந்த பொம்மையைத் துடைக்கவும் கூடாது, வெயிலில் வைக்கவும் கூடாது. பழைய பருத்தித்துணிமேல் கிடத்தி, மின்விசிறிக் காற்று நேரே படாமல் நிழலில் வையுங்கள். சுற்றியிருந்த காகிதம் வண்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். முழுதும் காய்ந்தபின் ஓரத்தில் இருந்து மெதுவாகப் பிரியுங்கள்.

அதற்காக மொட்டைமாடிக்கு நேர்க்கீழே உள்ள பரணும் உத்தமம் அல்ல. அக்னி நட்சத்திர வெயிலில் அது அடுப்பாகிவிடும். உள்சுவர் ஓரமாக இருக்கும் அலமாரியின் மேல்தட்டு சிறந்தது. செய்தித்தாளின் மை முகத்தில் ஒட்டும் என்பதால், கஞ்சி போடாத பழைய வேஷ்டித் துணியில் சுற்றுங்கள். கஞ்சி வாசனைக்கு வெள்ளிப்பூச்சி தேடிவரும். துணி முடிச்சில் வசம்பும் உலர்ந்த வேப்பிலையும் வைக்கலாம். நாப்தலின் உருண்டையைப் பொம்மைமேல் படும்படி வைக்காதீர்கள், வண்ணத்தைக் கெடுக்கும்.

விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்து கொலுவை நிறைவு செய்கிறோம். மறுநாளே எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சமயம் அது. ஈரக்காற்றைப் பொம்மையோடு சேர்த்துப் பெட்டியில் அடைத்தால் தை மாதத்துக்குள் பூசணம் பூத்துவிடும். அலமாரியில் துணி போர்த்தி வைத்திருந்து, சேர்ந்தாற்போல் நாலு நாள் வெயில் கண்டபின் கட்டுங்கள். களிமண் அடியில், மரம் நடுவில், காகிதக்கூழ் மேலே. செலுலாய்டு இந்தப் பெட்டியில் சேராது, அதற்குத் தனிப்பெட்டி. ஒவ்வொரு பொம்மையும் யார் கொடுத்தது, எந்த ஊர், எந்த வருஷம் எதைப் பழுதுபார்த்தீர்கள் என்று பென்சிலால் ஒரு தாளில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். பேனா மை ஈரத்தில் ஊறிவிடும்.